இழந்து பிழைத்த கிருமிகள்

காய்ச்சலோடு வந்தவரின் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகத் தேய்த்து, சாயமேற்றி, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பணுக்கள் வெளிர் வட்டங்களாகப் பரவிக் கிடக்கின்றன. நடுவே ஒரு நியூட்ரோஃபில், அதாவது கிருமிகளை விழுங்கிக் கொல்லும் வெள்ளையணு. அதன் கரு மூன்று நான்கு கதுப்புகளாக அடர்ந்த ஊதா நிறத்தில் தெரிகிறது. கருவை விட்டுச் சற்றுத் தள்ளி இன்னொரு நீலப் புள்ளி. குவியத்தைக் கொஞ்சம் திருத்தினால் அது ஒற்றைப் புள்ளி அல்ல, நெருக்கியடித்த மணிகளின் கொத்து என்று புரியும். மல்பெரிப் பழத்தின் மேற்பரப்பைப் போலிருப்பதால் அதற்கு ‘மொருலா’ என்று பெயர். மல்பெரியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

அந்தக் கொத்தின் ஒவ்வொரு மணியும் ஓர் உயிருள்ள பாக்டீரியா. உண்ணி கடித்தபோது உடலுக்குள் வந்தது. கிருமியைக் கொல்வதையே தொழிலாகக் கொண்ட அணுவுக்குள் உட்கார்ந்து, அதன் உணவைத் தின்று, பெருகிக்கொண்டிருக்கிறது. இது எப்படி முடிகிறது என்ற கேள்விக்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் கிடைத்த பதில்களை ஒழுங்குபடுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இரண்டு கிருமிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மோனோசைட், மேக்ரோஃபேஜ் ஆகிய வெள்ளையணுக்களுக்குள் வாழும் எர்லிகியா சாஃபென்சிஸ் ஒன்று. நியூட்ரோஃபிலுக்குள் வாழும் அனாப்ளாஸ்மா ஃபாகோசைட்டோஃபிலம் மற்றொன்று.

நாயிலிருந்து மனிதருக்கு

இந்தக் குடும்பத்தை மருத்துவர்களுக்கு முன்பே கால்நடை மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள். 1935-ல் அல்ஜீரியாவில், உண்ணி மொய்த்த நாய்களின் வெள்ளையணுக்களில் டோனாடியன், லெஸ்டோகார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இத்தகைய கொத்துகளைக் கண்டார்கள். அதுதான் இன்று எர்லிகியா கேனிஸ் எனப்படும் கிருமி. பேரினத்தின் பெயர் ஜெர்மானிய நோயெதிர்ப்பியல் முன்னோடி பால் எர்லிக்கை நினைவுகூர்வது. வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் நூற்றுக்கு மேற்பட்ட மோப்ப நாய்கள், குறிப்பாக ஜெர்மன் ஷெப்பர்டுகள், ரத்தம் கசிந்து இறந்தபோது இக்கிருமி பெருங்கவனம் பெற்றது. ஸ்காட்லாந்தின் ஆட்டு மேய்ப்பர்களோ, தங்கள் ஆடுகளுக்கு உண்ணியால் வரும் காய்ச்சலை அதற்கும் முன்பிருந்தே பார்த்து வந்தார்கள். அதற்குக் காரணம் அனாப்ளாஸ்மா என்பது பின்னால் தெளிவானது.

மனிதரிடம் உண்ணிவழி எர்லிகியா நோய் தெரியவந்தது 1986-ல். ஆர்கன்சாஸ் மாநிலத்தில் உண்ணிக்கடி பட்ட 51 வயது ஆண் ஒருவர் கடும் காய்ச்சலோடு டெட்ராய்ட்டில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருடைய வெள்ளையணுக்களுக்குள் மல்பெரிக் கொத்துகள் இருந்தன. முதலில் நாய்க் கிருமியே மனிதருக்குத் தாவிவிட்டது என்று எண்ணினார்கள். அதே மாநிலத்தின் சாஃபி ராணுவ முகாமில் பயிற்சியிலிருந்த ஒரு படைவீரரின் ரத்தத்திலிருந்து கிருமியைத் தனியே பிரித்து வளர்த்த பிறகுதான், 1991-ல், அது வேறு இனம் என்று உறுதியானது. முகாமின் பெயரே கிருமிக்கும் வந்தது. அதை வளர்க்கப் பயன்பட்டவை நாயின் புற்றுநோய்த் திசுவிலிருந்து வந்த அணுக்கள் என்பது இக்கதையின் ஒரு வேடிக்கை.

1990-ல் விஸ்கான்சினில் உண்ணி கடித்த ஒருவர் இறந்தார். அவருக்கு மோனோசைட்டுகளில் அல்லாமல் நியூட்ரோஃபில்களில் கொத்துகள் இருந்தன. 1994-ல் பேக்கன், டம்லர் முதலானோர் மினசோட்டா, விஸ்கான்சின் பகுதிகளைச் சேர்ந்த 12 நோயாளிகளை விவரித்து, இது புதிய நோய் என்று அறிவித்தார்கள். 2001-ல் மரபணு ஒப்பீட்டின் அடிப்படையில் இந்தக் குடும்பமே மறுவகைப்பாடு செய்யப்பட்டு, ஆட்டைப் பிடித்ததும் மனிதரைப் பிடித்ததும் ஒரே இனம் என்று முடிவாகி, அதற்கு அனாப்ளாஸ்மா ஃபாகோசைட்டோஃபிலம் என்ற பெயர் நிலைத்தது. அமெரிக்காவில் பதிவான அனாப்ளாஸ்மா நோயாளிகள் 2000-ல் 348 பேர். 2017-ல் 5,762 பேர்.

என்னென்ன இல்லை?

ஒரு கிருமி எப்படிப் பிழைக்கிறது என்று கேட்டால், அதனிடம் என்னென்ன ஆயுதங்கள் உள்ளன என்றுதான் முதலில் தேடுவோம். இந்த இரண்டின் விஷயத்தில் அந்தத் தேடல் வழிதவறிவிடும். இவற்றிடம் என்ன இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் குடலில் வாழும் ஈ.கோலையின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 46 லட்சம் எழுத்துகள் நீளம். எர்லிகியா சாஃபென்சிஸுக்கு சுமார் 12 லட்சம். அனாப்ளாஸ்மாவுக்கு சுமார் 15 லட்சம். 2006-ல் இவற்றின் முழு வரிசை வெளியானபோது இழப்பின் பட்டியல் தெளிவாகத் தெரிந்தது. பெரும்பாலான அமினோ அமிலங்களைத் தாமே செய்துகொள்ள இவற்றால் முடியாது. அதைவிட முக்கியமான இழப்பு வெளிச்சுவரில். ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களின் மேலுறையில் லிப்போபாலிசாக்கரைடு என்ற சர்க்கரைக் கொழுப்பு இருக்கும். நம் வெள்ளையணுக்கள் கிருமியை அடையாளம் காண்பதே பெரும்பாலும் அதை வைத்துத்தான். அதைத் தயாரிக்கும் மரபணுக்களே இவற்றிடம் இல்லை என்று 2003-ல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் யசுகோ ரிக்கிஹிசாவும் மிங்குன் லின்னும் காட்டினார்கள். சுவருக்கு உறுதி தரும் பெப்டிடோகிளைக்கான் வலையையும் வழக்கமான பாக்டீரியாக்களைப் போல இவை கட்டுவதில்லை.

அடையாள அட்டையைத் தொலைத்தவனைக் காவலர் கண்டுகொள்ளாதது போல, இந்த இழப்பு இவற்றுக்கு மறைப்பாகிவிட்டது. ஆனால் சுவரில்லாத வீடு மழைக்கு நிற்காதே! அந்தக் குறையை நிரப்ப இவை நம்மிடமிருந்தே கொலஸ்ட்ராலை எடுத்துத் தம் மேலுறையில் பதித்துக்கொள்கின்றன. கொலஸ்ட்ராலைச் செய்யத் தெரியாத பாக்டீரியாவுக்குக் கொலஸ்ட்ரால் இல்லாமல் உயிர் தரிக்காது! கொலஸ்ட்ராலைச் சுமந்து ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் துகள்களை அணு உள்ளிழுக்கும் பாதையை அனாப்ளாஸ்மா தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. மரபணுவிலேயே கொலஸ்ட்ரால் மிகும்படி உள்ள எலிகளுக்குக் கொழுப்புணவும் கொடுத்தபோது அவற்றின் ரத்தத்தில் இக்கிருமி பல மடங்கு பெருகியது.

இனிப் பார்க்கப்போகும் தந்திரங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கே அடிப்படை. தான் இழந்த ஒவ்வொன்றையும் அணுவைக்கொண்டே இட்டு நிரப்பிக்கொள்கிறது இக்கிருமி. எதிர்த்து நின்று வெல்லும் வலு அதற்கு இல்லை; அணுவின் வழக்கமான வேலைகளையே தனக்காகச் செய்யவைக்கும் சாமர்த்தியம் உண்டு.

எந்த வாசல் வழியாக?

வெள்ளையணு கிருமியை விழுங்குவது அன்றாட வேலை. விழுங்கியதும் இரண்டு காரியங்கள் நடக்கும். என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்ற நொதித்தொகுப்பு கிருமி இருக்கும் பையின் சவ்வில் ஒன்றுகூடி, சூப்பராக்சைடு என்ற நச்சைக் கொட்டும். பிறகு செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோம் வந்து அந்தப் பையோடு கலக்கும். சாதாரணக் கிருமி அத்தோடு முடிந்தது.

ஆகவே உள்ளே போவதைவிட எந்த வாசல் வழியாகப் போவது என்பதே இவற்றுக்கு முக்கியம். அனாப்ளாஸ்மா நியூட்ரோஃபிலின் மேலுள்ள பிஎஸ்ஜிஎல்-1 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது என்று 2000-ல் வெளியான ஆய்வு காட்டியது. ரத்தக்குழாயின் சுவரில் நியூட்ரோஃபில் உருண்டு நகர்வதற்காக வைத்திருக்கும் கைப்பிடி அது. கிருமியைப் பிடிக்கும் ஏற்பியும் அல்ல, அபாயம் என்று சொல்லும் ஏற்பியும் அல்ல.

எர்லிகியாவின் வாசல் வேறு. அதன் மேலுள்ள ஈடிபிஈ என்ற புரதம், மேக்ரோஃபேஜின் பரப்பில் இருக்கும் டிஎன்ஏஸ்-எக்ஸ் என்ற நொதியோடு பிணைகிறது. 2013-ல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பின் தொடர்ச்சியாக, அந்தப் பிணைப்பு இரண்டு வேலைகளைச் சேர்த்தே செய்கிறது என்று தெரிந்தது. கிருமியை உள்ளிழுக்கும்படி அணுவைத் தூண்டுகிறது. அதே சமயம் சூப்பராக்சைடைக் கிளப்பும் சமிக்ஞைச் சங்கிலியைத் தொடக்கத்திலேயே அறுத்துவிடுகிறது. இந்தப் புரதத்தைப் பூசிய வெறும் பிளாஸ்டிக் மணிகளைக்கூட, அவற்றை விழுங்கும் வழக்கமில்லாத அணுக்கள் உள்ளிழுத்துக்கொண்டன. கதவைத் திறக்க உயிருள்ள கிருமி தேவையில்லை, சாவி ஒன்றே போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உள்ளறை

உள்ளே போன கிருமி ஒரு சவ்வுப்பைக்குள் இருக்கிறது. அந்தப் பைக்கு அணுவில் ஒரு வயது உண்டு. புதிதாக உருவான பையின் மேல் ராப்-5 என்ற புரதம் ஒட்டியிருக்கும். நேரம் ஆக ஆக ராப்-5 விலகி ராப்-7 வந்து அமரும். ராப்-7 வந்துவிட்டால் லைசோசோமுக்குப் போகும் வழி திறந்துவிட்டது என்று பொருள்.

எர்லிகியாவின் பையில் ராப்-5 போகவே போகாது. காரணத்தை 2018-ல் ரிக்கிஹிசாவின் குழு கண்டது. கிருமி ஈடிஎஃப்-2 என்ற புரதத்தை அணுவின் உட்பரப்புக்குள் செலுத்துகிறது. அது ராப்-5-ஐப் பிடித்துக்கொண்டு, அதை அணைக்க வரும் புரதத்தை நெருங்கவிடாமல் தடுக்கிறது. பை என்றும் இளமையாகவே இருக்கிறது. லைசோசோம் அதைக் கண்டும் கடந்துபோகிறது. அனாப்ளாஸ்மாவின் பை இன்னொரு வகை: ராப்-5 அடையாளம் அதில் இல்லை. தன்னுறுப்புகளைத் தானே சுருட்டித் தின்னும் ‘ஆட்டோஃபேஜி’ பையின் முத்திரைகளை அது தரித்திருக்கிறது. சூப்பராக்சைடு நொதியின் உறுப்புகள் அதன் சவ்வில் வந்து அமருவதுமில்லை.

இப்படிப் புரதங்களைச் செலுத்தும் கருவிக்கு நான்காம் வகைச் சுரப்பமைப்பு என்று பெயர். ஊசிபோல இரண்டு சவ்வுகளையும் கடந்து நீளும் குழாய் அது. மரபணுத்தொகுதியை இவ்வளவு சுருக்கிக்கொண்ட கிருமி இந்தக் குழாயை மட்டும் கைவிடவில்லை. எதை இழந்தது என்பதைப் போலவே எதை விடாமல் வைத்துக்கொண்டது என்பதும் ஒரு கிருமியின் வாழ்க்கைமுறையைச் சொல்லும்.

குழாய் வழியே போகும் புரதங்கள் சாப்பாட்டுக்கும் வழிசெய்கின்றன. அனாப்ளாஸ்மாவின் ஏடிஎஸ்-1 என்ற புரதம், ஆட்டோஃபேஜியைத் தொடங்கிவைக்கும் பெக்லின்-1-ஐப் பிடித்து இழுக்கிறது. அணு பசித்தாற்போல் தன் உடைமைகளையே சுருட்டிக்கொண்டு வந்து கிருமியின் பையில் சேர்க்கிறது. எர்லிகியாவின் ஈடிஎஃப்-1 இதே பலனை ராப்-5 வழியாகப் பெறுகிறது. பொதுவாக ஆட்டோஃபேஜி கிருமியை ஒழிக்கும் பாதுகாப்பு முறை என்று பாடநூல்கள் சொல்லும். இங்கே அதுவே கிருமிக்குச் சமையலறை. இரும்பின் கதையும் அப்படித்தான்: உடல் காமா இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்புச் சமிக்ஞைப் பொருளைச் சுரந்து அணுவுக்குள் இரும்பு வரத்தைக் குறைக்கிறது. எர்லிகியாவோ ஈடிஎஃப்-3 மூலம், இரும்பைச் சேமித்துவைக்கும் ஃபெரிட்டினையே உடைத்து எடுத்துக்கொள்கிறது.

சாவைத் தள்ளிப்போடுதல்

அனாப்ளாஸ்மாவுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல், அது குடியேறும் வீட்டின் ஆயுள். நம் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களைச் செய்கிறது. ரத்தத்தில் அவற்றின் வாழ்நாள் மணிக்கணக்குதான். பிறகு அவை தாமாகவே ஒழுங்காகச் செத்து மடியும். கிருமி ஒருமுறை பெருகி முடிக்கவே அதைவிட அதிக நேரம் வேண்டும்.

2000-ல் வெளியான சோதனை எளிமையானது. ஆரோக்கியமானவர்களின் நியூட்ரோஃபில்களை எடுத்து, பாதியில் கிருமியைச் சேர்த்து, மறுபாதியைச் சும்மா விட்டார்கள். சும்மா விட்டவை ஒரே நாளில் மடியத் தொடங்கின. கிருமி ஏறியவையோ நாட்கணக்கில் உயிரோடிருந்தன. இதன் ஒரு காரணம் அதே ஏடிஎஸ்-1. அது அணுவின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து, சாவுக்கான சமிக்ஞையாக வெளியேற வேண்டிய சைட்டோகுரோம்-சி வெளிவராதபடி தடுக்கிறது. எர்லிகியாவின் ஈடிஎஃப்-1-ம் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய் இதே வேலையைப் பார்க்கிறது.

இங்கே ஒரு விநோதம் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவே ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாதான். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வேறோர் அணுவுக்குள் புகுந்து, மரபணுக்களில் பெரும்பங்கை இழந்து, அங்கேயே தங்கிவிட்டது. அதன் உறவுக்கிளை ஆல்ஃபாபுரோட்டியோபாக்டீரியா. எர்லிகியாவும் அனாப்ளாஸ்மாவும் அதே கிளையைச் சேர்ந்தவை. ஆக, முன்னமே குடியேறி வீட்டு மனிதராகிவிட்ட பங்காளியிடம் சென்று, புதிதாக வந்தவர் காரியம் சாதிக்கிறார்.

அனாப்ளாஸ்மா அதோடு நிற்பதில்லை. ஆங்க்-ஏ என்ற புரதத்தை அணுவின் கருவுக்கே அனுப்புகிறது. அது டிஎன்ஏ-வின் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, சூப்பராக்சைடு நொதியின் முக்கிய உறுப்பைத் தயாரிக்கும் மரபணுவை அடக்கிவைக்கிறது. பாக்டீரியா ஒன்று மனித மரபணுவைத் திருத்தாமலே அதன் வாசிப்பை மாற்றுவதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு. டெக்சாஸில் ஜெரி மெக்பிரைடின் குழு, எர்லிகியாவின் டிஆர்பி-120 என்ற புரதமும் அணுவின் கருவுக்குள் செல்வதையும், அணு வளர்ச்சியை நடத்தும் சமிக்ஞைகளைப் போலி செய்வதையும் விரிவாகக் காட்டியிருக்கிறது.

உடல் எதிர்ப்பொருள் செய்யத் தொடங்கினால்? அனாப்ளாஸ்மாவிடம் பி-44 என்ற மேற்பரப்புப் புரதத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட மரபணுப் பிரதிகள் உள்ளன. இவ்வளவு சிக்கனமான கிருமி இந்த ஒன்றில் மட்டும் ஊதாரி. ஒன்றை உடல் அடையாளம் கண்டால் இன்னொன்றை எடுத்துப் போர்த்திக்கொள்கிறது.

உண்ணிக்குள் ஒரு குளிர்காலம்

கிருமியின் மறுபாதி வாழ்க்கை உண்ணிக்குள். தாய் உண்ணி முட்டை வழியே இவற்றைக் குஞ்சுகளுக்குக் கடத்துவதில்லை என்பதால், ஒவ்வொரு தலைமுறை உண்ணியும் எலியிடமோ மானிடமோ ரத்தம் குடித்துத்தான் கிருமியைப் பெற வேண்டும். பிறகு அடுத்த பருவம் வரை அதை உயிரோடு சுமக்க வேண்டும். 2010-ல் கிரீஷ் நீலகண்டாவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, அனாப்ளாஸ்மா தாங்கிய உண்ணிகள் குளிரில் கூடுதலாகப் பிழைக்கின்றன என்று காட்டியது. உண்ணியின் உடல் உறையாமல் காக்கும் ஒரு புரதத்தை இக்கிருமி மிகுதியாகச் சுரக்கவைக்கிறது. நியூட்ரோஃபிலின் ஆயுளை நீட்டிப்பதும் உண்ணியைக் குளிரிலிருந்து காப்பதும் ஒரே கொள்கைதான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாமல், தேவை முடியும்வரை அந்த வீட்டைத் தாங்கிப் பிடிக்கிறது.

எவ்வளவு நம்பலாம்?

இந்தச் சித்திரத்தில் சில இடங்களில் எச்சரிக்கை வேண்டும். நியூட்ரோஃபிலை ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வளர்க்க முடியாது. ஆகவே பெரும்பாலான சோதனைகள் எச்எல்-60 என்ற மனித ரத்தப் புற்றுநோய் அணுக்களில் நடந்தவை. புற்றுநோய் அணு ஏற்கெனவே சாகத் தயங்குவது. அதில் கண்டதை உண்மையான நியூட்ரோஃபிலுக்கு அப்படியே ஏற்றிச் சொல்லக்கூடாது. மேலே சொன்ன ஆயுள் நீட்டிப்பு, அசல் நியூட்ரோஃபிலில் கண்டது என்பதால் வலுவானது.

இரண்டாவது, அணுவுக்கு வெளியே வளராத கிருமியில் நினைத்த மரபணுவை நீக்கிப் பார்ப்பது கடினம். ஒரு புரதத்தைத் தனியே எடுத்து மனித அணுவுக்குள் வைத்து அதன் வேலையைக் கண்டார்கள் என்றால், கிருமியும் அதே அளவில் அதே நேரத்தில் அதைச் செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஒரே புரதத்துக்கு இரண்டு மூன்று வேலைகள் சொல்லப்படும்போது இந்தக் கேள்வி கூர்மையாகிறது.

மூன்றாவதே மருத்துவத்துக்கு மிக நெருக்கமானது. நோயாளியின் கல்லீரல் சேதத்தோடு ஒப்பிட்டால் அங்கிருக்கும் கிருமிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. காமா இன்டர்ஃபெரான் இல்லாத எலிகளில் அனாப்ளாஸ்மா அதிகம் பெருகியது. ஆனால் கல்லீரல் சேதம் குறைந்தது. ஜப்பானிய உண்ணியிலிருந்து பிரித்தெடுத்த ஓர் எர்லிகியா எலிகளைக் கொல்வதிலும், எலியின் சொந்த டி-அணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்று தெரிந்தது. கிருமி நஞ்சு எதையும் கக்குவதில்லை. தாமதமாக விழித்த பாதுகாப்புப் படை, திருடனைத் தேடி வீட்டையே உடைக்கிறது. காய்ச்சல், தலைவலி, தசைவலி, வெள்ளையணுக்களும் பிளேட்லெட்டுகளும் குறைதல், கல்லீரல் நொதிகள் ஏறுதல் என்ற அறிகுறிகளில் பெரும்பாலானவற்றை இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் விளங்கும்.

இழக்க முடியாத ஒன்று

இந்த அறிவால் நோயாளிக்கு என்ன பயன்? பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் சுவர்க் கட்டுமானத்தைத் தாக்குபவை. சுவரையே இழந்த கிருமியிடம் அவை பலிப்பதில்லை. இழப்பு, மருந்திலிருந்தும் காப்பாற்றுகிறது. ஆனால் எவ்வளவு சுருங்கினாலும் புரதம் செய்யும் ரைபோசோமை எந்தக் கிருமியாலும் கைவிட முடியாது. டாக்சிசைக்ளின் அடிப்பது அங்கேதான். மலிவான, பழைய, மாத்திரையாகவே கிடைக்கும் இந்த மருந்தைத் தொடங்கிய ஓரிரு நாளில் பெரும்பாலோருக்குக் காய்ச்சல் இறங்கிவிடுகிறது. புதிய முயற்சிகளும் உண்டு: ஈடிஎஃப்-1-ஐப் பிடித்துக்கொள்ளும் நுண்ணிய எதிர்ப்பொருள்கள் அணுவுக்குள் செலுத்தப்பட்டபோது எர்லிகியா பெருகுவது தடைபட்டதாக 2021-ல் ரிக்கிஹிசாவின் குழு காட்டியது. கிருமியைக் கொல்லாமல் அதன் பேச்சுவார்த்தையை அறுக்கும் வழி அது. மருந்துக்கடைக்கு வர நாளாகும்.

தமிழ் வாசகருக்கு ஒரு தெளிவு தேவை. இங்கே ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று செய்தித்தாள்கள் எழுதுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸை. அதைப் பரப்புவது உண்ணி அல்ல. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒருவகைச் சிற்றுயிரின் இளம்பருவம். ஆனால் அதன் கிருமி ஓரியன்சியா, இந்தக் கட்டுரையின் இரண்டு கிருமிகளும் அடங்கிய அதே வரிசையைச் சேர்ந்தது. அதுவும் அணுவுக்குள்ளேதான் வாழும். அதற்கும் டாக்சிசைக்ளின் உதவும். தீவிர நிலையில் அதனோடு அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சிஎம்சி தலைமையில் ஏழு இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-ல் நிறுவியது. நம் வீட்டு நாய்களுக்கு வரும் ‘டிக் ஃபீவர்’ பெரும்பாலும் 1935-ல் அல்ஜீரியாவில் கண்ட அதே எர்லிகியா கேனிஸ்தான்.

இந்த நோய்கள் எல்லாவற்றிலும் காலதாமதமே ஆளைக் கொல்கிறது. மொருலா கண்ணில் படாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகாது. எர்லிகியாவில் அது அரிதாகவே தெரியும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் தெரிய வாரக்கணக்காகும். அதனால் சந்தேகம் வலுத்தாலே, முடிவு வரும் முன்பே மருந்தைத் தொடங்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. அந்தச் சந்தேகம் மருத்துவருக்கு வர ஒரே வழி நாம் சொல்வதுதான். காய்ச்சலோடு போகும்போது, காட்டுக்கோ வயலுக்கோ புதருக்கோ போனதையும், உடம்பில் பூச்சி கடித்த தடத்தையும், நாயின் மேல் உண்ணி இருந்ததையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.